பேட்டரிக் கடைச் சுவரில் இரண்டு கடிதங்கள்

கடலூர் முதுநகர்
10 ஜூன் 2024

மாமா,

போனில் நான் சொல்ல வந்ததை நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை. "எம் பொண்ணப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தாலும் ரிங் போகவில்லை. என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டீர்கள் என்று அக்கா சொன்னாள். சரி, அவளிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தூது போவ மாட்டேன். வேணும்னா எழுதிக்குங்க" என்று எழுந்து போய்விட்டாள். அதனால் எழுதுகிறேன். காகிதத்தைக் கிழிக்கலாம், பாதியில் வைத்துவிட முடியாது. கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

திருவிழாவுக்கு வந்த அன்றே வெண்மதியின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தேன். இரண்டரை வயசுப் பிள்ளை நாலு படி ஏறினால் உட்கார்ந்துகொள்கிறது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. டாக்டரம்மா ரத்தசோகை என்று மருந்து எழுதப் போனார். "இவங்க அப்பா பேட்டரிக் கடை வச்சிருக்காரு, கடைக்குப் பின்னாலயே வீடு" என்று நான்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். முப்பத்தெட்டு இருக்கிறது. ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

ஒன்றுமே இருக்கக் கூடாது மாமா. ஐந்தைத் தொட்டாலே காரணத்தைத் தேட வேண்டும் என்கிறார் டாக்டர். சின்னப் பிள்ளைக்கு நாற்பத்தைந்துக்குப் போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றி வெளியேற்ற வேண்டும். ஈயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்துக் குழந்தையின் எலும்பு உள்ளே பூட்டி வைத்துக்கொள்ளுமாம். மூளையையும் தொடும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது, பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டும்போது தெரியும்.

எனவே வீட்டு முற்றத்தில் பேட்டரி உடைப்பதும் ஈயம் உருக்குவதும் இன்றோடு நிற்க வேண்டும். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரக் கூடாது. கடையிலேயே குளித்து, வேறு உடுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். செருப்பு வாசலுக்கு வெளியே. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பி மறுபடி உட்காரும், ஈரத்துணியால் துடையுங்கள். உங்கள் துணியையும் பிள்ளை துணியையும் ஒரே வாளியில் ஊறவைக்காதீர்கள். கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் எட்டு வருஷமாக இதைத்தான் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பிடிவாதக்காரர். ஆசிட் பட்டால் கையை உதறுவீர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்றால் சிரிப்பீர்கள். உங்கள் வீம்புக்குப் பிள்ளையைப் பலி கொடுக்க நான் விட மாட்டேன். ஆவணியில் என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டிய பிள்ளை அது. வீடு சுத்தமாகும்வரை அக்காவும் வெண்மதியும் இங்கேதான் இருப்பார்கள்.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்
16 ஜூன் 2024

மச்சான் ஜெயப்பிரகாஷுக்கு,

கிழிக்கவில்லை. முதலில் இரண்டாக மடித்தேன், பிறகு நாலாக. இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. வேலைச் சட்டைதான், உனக்கு அதில் ஏதாவது ஆட்சேபம் உண்டா?

நீ டிப்ளமா படித்த இரண்டு வருஷமும் இந்த முற்றத்தில்தான் பாய் போட்டுப் படுத்தாய். நான் ஈயம் உருக்கி ஊற்றும்போது எதிரில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பாய். அப்போது அது விஷமாகத் தெரியவில்லை. இப்போது தலையில் ஹெல்மெட் ஏறிவிட்டது, மாமா வீடு விஷ வீடு ஆகிவிட்டது. நாலு பக்கமும் கம்பெனி வைத்திருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக் காற்றைப் பற்றி நீ எழுதுகிறாய்.

எனக்கு நாற்பத்தொரு வயசு. இருபத்து மூன்று வருஷமாக ஈயத்தோடுதான் இருக்கிறேன். லாரி பேட்டரியை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டுகிறேன். சேத்தியாத்தோப்பிலிருந்து கரும்பு லாரிக்காரர்கள் வழியில் நாலு கடையைத் தாண்டி என்னிடம் வருகிறார்கள். என்னை ஒன்றும் செய்யாதது என் பிள்ளையை மட்டும் தேடிப் பிடித்துச் செய்துவிட்டதா?

பிள்ளைக்கு ரத்தம் இல்லை என்றால் கீரை கொடு. உன் அக்கா பிரியா உண்டாகியிருந்தபோது நீ வந்து விதை போட்டுவிட்டுப் போனாயே, அந்த ஆறு பெட்டியும் இன்றைக்கும் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. வெண்மதி தானே மண்ணைக் கிளறி, தானே பறித்து, கால்வாசியை வழியிலேயே தின்றுவிட்டு மிச்சத்தை அம்மாவிடம் கொடுப்பாள். மார்க்கெட்டில் வாங்குகிற கீரையில் அந்தச் சத்து வருமா?

நேற்று பிரியா போனில் பிள்ளையைக் காட்டினாள். எடுத்ததுமே "அப்பா டாட்டா" என்கிறது. பார்த்ததும் டாட்டா சொல்ல யார் பழக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அனுப்பி வை.

சிங்காரம்


கடலூர் முதுநகர்
29 ஜூலை 2024

மாமா,

நேற்று மறுபடி ரத்தம் எடுத்தோம். முப்பத்தெட்டு இருபத்தாறாகி இருக்கிறது. ஏழு வாரம் அவள் இந்தக் கம்பெனிக்காரன் ஊரில்தான் இருந்தாள், இந்தக் காற்றைத்தான் சுவாசித்தாள். மருந்து என்று இரும்புச்சத்து டானிக் மட்டும்தான். உங்கள் வீட்டை விட்டு வந்ததால் இறங்கியிருக்கிறது. இதற்கு மேல் நான் வாதாட என்ன இருக்கிறது?

நான் அந்த முற்றத்தில் படுத்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு. தரையில் தவழவில்லை, விரலை வாயில் வைக்கவில்லை. பெரியவர்கள் வயிறு அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும், குழந்தை வயிறு பாதியை எடுத்துக்கொள்ளும். உங்களை அது ஒன்றும் செய்யவில்லை என்று யார் சொன்னது? தைரியம் இருந்தால் நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

கீரை விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சிதான். இரும்புச்சத்தும் பாலும் வயிற்றில் இருந்தால் ஈயம் உள்ளே போவது குறையும் என்று டாக்டரும் சொன்னார். பிள்ளை அங்கே வரும் நாளில் முற்றத்துக் கீரையை ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகக் கொடுங்கள். அக்காவுக்கும் பிள்ளைக்கும் ரத்தம் ஊற வேண்டும் என்றுதான் அதை வைத்தேன்.

அவளுக்கு டாட்டா நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் ஷிப்டுக்குக் கிளம்புவதைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்
11 ஆகஸ்ட் 2024

மச்சான்,

உன்னைப் பொய்யனாக்க வேண்டும் என்றுதான் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் வந்ததும் உனக்கு அனுப்பி, கீழே இரண்டு வரி நக்கலாக எழுதுவதாக இருந்தேன். அந்த இரண்டு வரியையும் மனசுக்குள் எழுதியும் வைத்திருந்தேன்.

நாற்பத்தாறு வந்தது.

டாக்டர் என் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். லேசாக ஆடியது. ஸ்க்ரூடிரைவர் நழுவுகிறதா என்றார். ஒரு வருஷமாக நழுவுகிறது, வயசு என்று நினைத்தேன். வயிறு சரியாகப் போகிறதா என்றார். அதற்கு நான் எத்தனை வருஷமாக விளக்கெண்ணெய் குடிக்கிறேன் என்று உன் அக்காவுக்குத் தெரியும். எல்லாம் ஒரே கணக்கில் வந்து நின்றது. கடைக்குத் திரும்பி வந்து ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்தது எனக்குப் போகட்டும். சாயங்காலம் அந்தச் சட்டையோடு தினம் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டேனே, அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

பழைய பேட்டரியை இனி நான் உடைப்பதில்லை. லைசென்ஸ் உள்ள கம்பெனி வண்டி வாரம் ஒரு முறை வருகிறது, முழு பேட்டரியாகக் கொடுத்துவிடுகிறேன். விற்பது, சார்ஜ் போடுவது, மாட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான். உருக்குகிற அடுப்பை உடைத்துப் போட்டேன். கடையில் குளிக்க ஒரு மறைப்பு கட்டியிருக்கிறேன். வீட்டுச் சுவரைச் சுரண்டாமல் ஈரம் பண்ணித் துடைத்து, ஈயம் கலக்காதது என்று டப்பாவில் எழுதியிருந்த பெயின்ட்டாகப் பார்த்து வாங்கி அடித்தேன். முற்றத்து மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்து, புது மணல் கொட்டி, மேலே சிமென்ட் போட்டாயிற்று. வெட்டுவதற்கு முன்னால் உன் கீரைப் பெட்டி ஆறையும் பத்திரமாக மாடிக்கு ஏற்றினேன். வேலை முடிந்ததும் அதே இடத்தில் இறக்கிவிட்டேன். ஒரு செடி வாடவில்லை.

நீ எழுதியதில் ஒன்றையும் நான் விடவில்லை. இப்போதாவது அனுப்பி வை. போனில் சொல்லியிருக்கலாம், பிரியாவும் அதையே சொன்னாள். உன் குரலைக் கேட்டால் மறுபடி சண்டைக்கு வந்துவிடுவேன் என்று எழுதுகிறேன்.

சிங்காரம்


கடலூர் முதுநகர்
14 அக்டோபர் 2024

மாமா,

ஆகஸ்ட் கடைசியில் அக்காவையும் பிள்ளையையும் நானே கொண்டுவந்து விட்டேன். வழவழவென்று புதுத் தரை, புது வெள்ளை. பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது, இப்படிப்பட்ட மனுஷனை என்னென்னவோ எழுதிவிட்டோமே என்று. அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்தக் கையை ஏன் பிடித்தோம் என்றிருக்கிறது.

போன வாரம் பரிசோதனைக்கு இங்கே வந்தார்களே, அதன் முடிவு வந்துவிட்டது. இருபத்தாறு முப்பத்தைந்தாகி இருக்கிறது. ஆறு வாரத்தில் ஏறியிருக்கிறது மாமா. டாக்டர் என்னைத் திட்டினார். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஏன் திருப்பி அனுப்பினாய் என்று கேட்டார்.

சிமென்ட் தரையிலிருந்து ஈயம் முளைக்காது. நீங்கள் எங்கேயோ உருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மாடியிலா? கடைக்குப் பின்னாலா? கம்பெனி வண்டிக்குக் கொடுப்பதாகச் சொன்னது உண்மைதானா? பழைய வாடிக்கைக்காரர்களை விட மனசு வரவில்லை என்றால் அதையாவது நேராகச் சொல்லியிருக்கலாம். அக்கா உங்களுக்காகப் பேசுகிறாள். "அவரு அப்பிடி இல்லடா. குளிக்காம புள்ளய தொடறதே இல்ல" என்று சத்தியம் செய்கிறாள். அவளையும் ஏமாற்றுகிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆவணி போய்விட்டது. காது குத்தும் போய்விட்டது. இனிமேல் நான் வந்து, என் கண்ணால் தேடிப் பார்த்து, என் வாயால் சரி என்று சொன்னால்தான் பிள்ளை அங்கே வரும்.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்
9 நவம்பர் 2024

மச்சான்,

உடனே பதில் எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். அதனால் எழுதவில்லை. தேடினேன்.

நான் உருக்கவில்லை என்பது உலகத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஆக, தேட வேண்டியவனும் நான்தான். நம்மிடம் இன்வெர்ட்டர் வாங்கிய ராஜமாணிக்கம் சார் மண் சோதிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர். அவரிடம் போய் நின்றேன். வீட்டில் பிள்ளை கை படுகிற, வாய் படுகிற எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னார். ஜன்னல் தூசி, மிதியடித் தூசி, குடிதண்ணீர், மஞ்சள்தூள், அவள் விளையாட்டுச் சாமான் பெயின்ட், கீரைப் பெட்டி மண், கீரை என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினார்.

தூசியில் கொஞ்சம்தான். தண்ணீரும் மஞ்சள்தூளும் சாமானும் சுத்தம். கீரைப் பெட்டி மண்ணில் மட்டும், தெருமண்ணில் இருப்பதைப் போல முப்பது மடங்கு. கீரையிலும் இருக்கிறது.

அது என்ன பெட்டி என்று யோசித்துப் பார். பழைய லாரி பேட்டரியின் கருப்புப் பெட்டி. உள்ளே இருந்த ஈயப் பிளேட்டை எடுத்துவிட்டுச் சும்மா கிடந்தது. வெயிலுக்கு வெடிக்காது, மழைக்கு உளுத்துப்போகாது, செடி வைக்க இதைவிட நல்லது கிடைக்காது என்று நீ சொன்னாய். நானும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு குடம் தண்ணீர் விட்டு அலசினோம். அடியில் பள்ளம் பள்ளமாக இருக்குமே, அதில் ஒட்டியிருக்கிற சாம்பல் நிறச் சேறு இரண்டு குடத்துக்குப் போகிறதா? அது முழுக்க ஈயம். அதன்மேல் எருவும் மண்ணும் போட்டு விதைத்தோம். மூன்று வருஷமாகக் கிளறிக் கிளறி மேலே கொண்டுவந்திருக்கிறோம்.

பிள்ளை வெளுத்திருக்கிறது என்று நீ இரண்டு வேளை கொடுக்கச் சொன்னாய். உன் அக்கா தவறாமல் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு வாய்டா செல்லம்" என்று ஊட்டினேன்.

எப்படியெல்லாம் எழுதலாம் என்று இந்த ஒரு வாரமாக யோசித்தேன். அக்டோபர் கடிதம் என் பையில்தான் இருக்கிறது, அதில் நீ என்னை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு மனப்பாடம். திருப்பிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்தவன் நான். இருபத்து மூன்று வருஷ பேட்டரிக்காரன், எனக்கே தோன்றவில்லை.

பிரியாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெட்டிகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

சிங்காரம்


கடலூர் முதுநகர்
14 நவம்பர் 2024

மாமா,

நானே சொன்னேன். உங்கள் கடிதத்தை அக்கா கையில் கொடுத்து, அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன். கடைசி வரிக்கு வந்ததும் மடித்து என்னிடம் கொடுத்தாள். "அவரு சட்டய ஒன்றர மாசமா தனியா தொவச்சிக்கிட்டு இருந்தேன். உங் கீரைய ரெண்டு வேளையும் பெசஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் தொழிற்சாலைப் பாதுகாப்பு படித்தவன். ஈயம் எங்கெல்லாம் ஒட்டும் என்று நாற்பது பேரை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறவன். பேட்டரிப் பெட்டியில் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் கீரை விதைத்தவனும் நான்தான். பெட்டி காலியாக இருந்தது, எனக்கு அது வெறும் பெட்டியாகத் தெரிந்தது. கையில் எருவும் விதையும் இருந்தபோது படித்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் சந்தேகமே வரவில்லை. உங்கள் சட்டையை, செருப்பை, துடைப்பத்தை, உங்கள் நாணயத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். நான் வைத்த செடியைச் சந்தேகப்படவில்லை. என் தப்பு, மாமா. உங்களை ஏமாற்றுக்காரர் என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னியுங்கள்.

பேட்டரி வேலை நடக்கிற எந்த வீட்டிலும் அந்தப் பெட்டியை எதற்கும் வைக்கக் கூடாது. செடிக்கும் ஆகாது, தண்ணீருக்கும் ஆகாது, தானியம் கொட்டி வைக்கவும் ஆகாது. எத்தனை குடம் ஊற்றிக் கழுவினாலும் சரி. வைத்திருந்தால் உடனே பிள்ளைகளுக்கு ரத்தம் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாஸ்க்கும் கையுறையும் கொண்டுவருகிறேன். மண்ணை நனைத்து, செடியோடு பையில் கட்டி, பெட்டிகளோடு சேர்த்து நீங்கள் பேட்டரி கொடுக்கிற வண்டியிலேயே ஏற்றிவிடலாம். பெட்டி இருந்த இடத்துச் சிமென்ட்டையும் நானே துடைப்பேன். நீங்கள் தள்ளி நில்லுங்கள், உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே வேண்டியது இருக்கிறது.

இன்னொன்று. காது குத்துக்கு நாள் பார்க்கும்போது கொளஞ்சி அண்ணனைக் கேளுங்கள். பெரியம்மா மகன், முறைக்கு அவரும் தாய்மாமன்தான். என் மடியில் அவளை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜெயப்பிரகாஷ்


சிதம்பரம்
12 ஜனவரி 2025

மச்சான்,

பதினேழு. நீ சரி சொல்லிப் பிள்ளையை இங்கே அனுப்பிய பிறகு எடுத்தது, நேற்று வந்த ரிப்போர்ட். இன்னும் இறங்க வேண்டும், இறங்கும் என்கிறார் டாக்டர். மாடிப்படியில் உட்காருவதில்லை, ஓடுகிறாள். என்னுடையது முப்பத்தொன்று. ஸ்க்ரூடிரைவர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. விளக்கெண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் போட்டேன், அதற்கு உன் அக்கா தேங்காய் உடைக்கச் சொன்னாள்.

தை இருபது, ஞாயிற்றுக்கிழமை காது குத்து. கொளஞ்சி வரட்டும், சாப்பிடட்டும், மொய் எழுதட்டும். மடி உன்னுடையதுதான். வெண்மதியிடம் யார் மடியில் உட்காருவாய் என்று கேட்டேன். "டாட்டா மாமா" என்றாள். இதற்கு மேல் நான் ஒன்றும் செய்ய முடியாது.

உன் முதல் கடிதத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிற பேட்டரிக்காரர்கள் நின்று படிக்கிறார்கள், செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்னைத் திட்டியிருக்கிற வரிகள் மேல் மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். "இன்னா மாமா, கரண்ட் அடிக்குமா அந்த எடம்?" என்று ஒருத்தன் கேட்டான். ஆமாம், அடிக்கும் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் சேத்தியாத்தோப்பு, திட்டக்குடி வரை பழைய கூட்டாளிகள் வீட்டுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போய்வந்தேன். பன்னிரண்டு வீட்டில் ஏழில் அந்தக் கருப்புப் பெட்டி இருக்கிறது. கோவிந்தசாமி வீட்டில் பச்சை மிளகாய். ராபர்ட் வீட்டில் ஆட்டுக்குத் தண்ணீர். ஒரு வீட்டில் அரிசியே கொட்டி வைத்திருந்தார்கள். நான் வாயால் சொன்னால், "உன் வூட்டுல எதோ ஆயிப்போச்சி, அதுக்கு எல்லார் வூட்டுலயும் ஆவுமா?" என்கிறார்கள். படித்தவன், அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் அதே தப்பைச் செய்தான் என்று தெரிந்தால் கேட்பார்கள்.

உன் நவம்பர் கடிதத்தை முதல் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டட்டுமா? உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம், நான் கோபப்பட மாட்டேன். ஒட்டலாம் என்றால் எந்தெந்த வரியில் டேப் போட வேண்டும் என்று எழுது. உன் பெயரில் கட்டாயம் போட்டுவிடுகிறேன்.

சிங்காரம்


கடலூர் முதுநகர்
16 ஜனவரி 2025

மாமா,

ஒட்டுங்கள். அதில் எங்கேயும் டேப் வேண்டாம், பெயரிலும் வேண்டாம். கம்பெனி பெயரைச் சொல்லாமல், பாதுகாப்புப் பிரிவில் இருக்கிற உங்கள் மச்சான் எழுதியது என்று கேட்கிறவர்களிடம் சொல்லுங்கள். நம்பாதவர்களுக்கு என் போன் நம்பரைக் கொடுங்கள். அதற்கு முதலில் நீங்கள் அந்த நம்பரின் தடையை எடுக்க வேண்டும், அக்கா சொல்லித்தான் அது இன்னும் இருப்பது தெரியும்.

தை இருபது காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். குளித்து, சட்டை மாற்றி, செருப்பை வாசலில் விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மடியை விரிப்பேன். கழுவும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஜெயப்பிரகாஷ்